பெட்டியில் வரும் சீன மோட்டார் சைக்கிள்: வாங்குவதற்கு முன்னும் பூட்டும்போதும்

கேள்வி இது: “இறக்குமதியாகும் 200 சிசி சீன மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கப் பார்க்கிறேன். இரும்புச் சட்டத்துக்குள் அட்டை சுற்றி, முன்சக்கரம் கழற்றிய நிலையில் வரும் என்கிறார்கள். இதை நம்பி வாங்கலாமா? வந்ததும் நானே பாகங்களைப் பூட்டி ஓட்ட முடியுமா?”

வாங்கலாம். பூட்டவும் முடியும். ஆனால் நீங்கள் வாங்கப்போவது முழுமையாக முடிக்கப்பட்ட வண்டி அல்ல என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையை நன்றாகவே தைத்துவிட்டுப் பொத்தான்களை ஒற்றை நூலில் தொங்கவிட்ட தையல்காரரின் வேலை போன்றது அது. துணியும் தையலும் சரிதான். பொத்தானை நீங்கள் மறுபடி தைக்காமல் போட்டுக்கொண்டு வெளியே போனால் பழி உங்களுடையது. இதுவரை ஐந்து வண்டிகளை இப்படிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியிருக்கிறேன். ஐந்திலும் எஞ்சினுக்குள் ஒரு குறையும் இல்லை. ஐந்திலும் ஏதோ ஒரு முக்கியமான நட் கையால் திருகிய அளவில் நின்றிருந்தது.

எஞ்சினைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். சிறிய சீன வண்டிகளில் பலவற்றின் எஞ்சின், ஹோண்டா 1970களின் நடுவில் வெளியிட்ட சிஜி125 வழியில் வந்தது. பராமரிப்பு அரிதாகவே நடக்கும் நாடுகளை மனத்தில் வைத்தே ஹோண்டா அதை வடிவமைத்தது. மேலே கேம் சங்கிலி கிடையாது. தள்ளுதண்டுகள் வால்வுகளை இயக்குகின்றன. ஆயிலை மறந்தவனையும் கொஞ்ச காலம் மன்னிக்கும் எஞ்சின் அது. அதையே சிலிண்டரின் விட்டம் கூட்டி, வீச்சைக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை) கூட்டி 150, 200, 250 என்று சீன ஆலைகள் வளர்த்துவிட்டன. லிஃபான், சோங்ஷென், லோன்சின், ஷினெரே ஆகிய நிறுவனங்கள் எல்லாம் சோங்கிங் நகரத்தைச் சேர்ந்தவை. லோன்சின் பிஎம்டபிள்யூவுக்கே எஞ்சின் செய்து கொடுக்கிறது. இத்தாலியின் பெனெல்லி 2005 முதல் சீனாவின் சியான்ஜியாங் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆகவே “சீன வண்டி என்றால் குப்பை” என்பது பழைய பேச்சு. ஆனால் அதே சோங்கிங்கில் யார் பெயரும் ஒட்டாமல், வாங்குகிறவர் கேட்ட பெயரை ஒட்டி அனுப்பும் ஆலைகளும் இருக்கின்றன. ஒரே வண்டி மூன்று நாடுகளில் மூன்று பெயரில் விற்கப்படும். அதனால் டேங்கில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

பெயருக்குப் பதில் பார்க்க வேண்டியது எஞ்சின் குறியீடு. எஞ்சின் உடலில் 156எஃப்எம்ஐ, 162எஃப்எம்ஜே, 163எஃப்எம்எல், 167எஃப்எம்எம் என்பதுபோல் பொறித்திருக்கும். முதல் 1 என்பது ஒற்றை சிலிண்டர். அடுத்த இரண்டு எண்கள் சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றால் குளிரும் எஞ்சின், எம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கு உரியது. கடைசி எழுத்து கொள்ளளவு வகுப்பு: ஐ 125, ஜே 150, எல் 200, எம் 250. இந்தக் குறியீடு தெரிந்தால் கேஸ்கெட், பிஸ்டன், கிளட்ச் தட்டு எதையும் வண்டியின் பெயர் சொல்லாமலே தேட முடியும். விற்பனைத் தாளின் பொய்யும் இதில் வெளிப்பட்டுவிடும். 67 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் வீச்சும் உள்ள “250” எஞ்சினைக் கணக்குப் போட்டால் 229 சிசிதான் வருகிறது. 63.5-க்கு 62.2 அளவுள்ள “200” எஞ்சின் 197 சிசி. அது நியாயமான பெயர்தான்.

வாங்கும் முன் விற்பவரிடம் குதிரைத்திறனைக் கேட்க வேண்டாம். அந்த எண்ணைச் சொல்லாதவர் யாரும் இல்லை. கிளட்ச் கேபிள், காற்று வடிகட்டி, முன் பிரேக் கட்டை, சிடிஐ பெட்டி (பிளக்குக்குப் பொறி தரும் மின்பெட்டி) இந்த நான்கும் இப்போது கையிருப்பில் இருக்கின்றனவா, எடுத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். “வரவழைத்துத் தருகிறோம்” என்று பதில் வந்தால், விற்பவருக்கு வண்டியைத் தள்ளிவிடுவதில் மட்டுமே அக்கறை என்று எடுத்துக்கொள்ளலாம். வாரண்டித் தாளைப் படியுங்கள். உதிரிபாகம் மட்டுமா, கூலியும் சேர்த்தா? வாரண்டி தருவது ஆலையா, இறக்குமதியாளரா? இறக்குமதியாளர் என்றால், அவர் கடையை மூடிய நாளில் வாரண்டியும் மூடப்படும். நானாக இருந்தால், இரண்டு வருடமாவது அதே வடிவத்தில் விற்கப்பட்டு வரும் மாடலைத்தான் எடுப்பேன். புதிதாக வந்திறங்கிய, விளக்கெல்லாம் மின்னும் மாடலின் குறைகளைக் கண்டுபிடிக்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

பதிவு விஷயத்தில் ஒரே பேச்சு: பணம் கொடுக்கும் முன் உங்கள் பதிவு அலுவலகத்தில் போய், இந்த மாடலுக்குச் சாலை அனுமதி உண்டா, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மண்பாதைக்கு மட்டும் என்று இறக்குமதியான வண்டிக்கு இண்டிகேட்டரும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் அது சாலை வண்டி ஆகிவிடாது. சேசிஸ் எண் 17 எழுத்துகள் கொண்டது. சீனத் தயாரிப்பு ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். தாள்களில் இருக்கும் எண்ணும் வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் எண்ணும் அப்படியே. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பிரித்தபின் விற்றவர் உங்களைக் கண்டுகொள்ளமாட்டார்.

இன்னொன்று, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். “இந்த வருடத்து வண்டி” என்று விற்கப்படுவது கிடங்கில் மூன்று வருடம் படுத்திருந்த வண்டியா என்பதை விற்பவரைவிட டயர் நேர்மையாகச் சொல்லிவிடும். படுத்திருந்த வண்டி கெட்ட வண்டி என்று அர்த்தமில்லை. ஆனால் விலை பேச அது உங்களுக்கு ஒரு பிடி; கார்புரேட்டரையும் ரப்பர் குழாய்களையும் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அது எச்சரிக்கையும்கூட.

பெட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வண்டிக்காரர் முன்னிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். அட்டை கிழிந்த இடத்தில் உள்ளே என்ன இடிபட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரிக்கும்போது எந்த அட்டையையும் பிளாஸ்டிக் பையையும் உடனே எறியாதீர்கள். சக்கர அச்சின் இடைவளையம் ஒன்று இரும்புச் சட்டத்தின் மூலையில் நாடாவால் ஒட்டி வைக்கப்பட்டிருப்பதை நான் குப்பைக் கூடையிலிருந்து மீட்டிருக்கிறேன். கூட வரும் கையேடு பெரும்பாலும் வேறு மாடலுக்கு எழுதப்பட்டதாக இருக்கும். அதன் வயரிங் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் அது பயன்படும்.

முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடி, இண்டிகேட்டர், சில வண்டிகளில் மட்கார்டு, பேட்டரி இவ்வளவுதான் நீங்கள் மாட்ட வேண்டியவை. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை முடித்ததும் வண்டி தயார் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் பிறகு சாலையோரத்தில் நிற்கிறார்கள். ஆலை ஏற்கெனவே மாட்டிய பாகங்களில்தான் உங்கள் உண்மையான வேலை இருக்கிறது.

முன்சக்கரத்தை மாட்டும்போது ஸ்பீடோமீட்டர் கேபிள் வந்து சேரும் பல்சக்கரப் பெட்டியைக் கவனியுங்கள். அதன் உள்ளே இருக்கும் இரண்டு காதுகள் சக்கர நடுக்குடத்தின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். வெளியே உள்ள பள்ளம் ஃபோர்க்கில் இருக்கும் முனையில் மாட்ட வேண்டும். இரண்டும் சேராமல் அச்சை இறுக்கினால் காதுகள் நசுங்கிவிடும். இறுக்கிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றி மூன்று நான்கு சுற்று வர வேண்டும். அச்சை மாட்டுவதற்கு முன் பேரிங்கில் விரலை வைத்துச் சுழற்றிப் பார்த்தால், கிரீஸ் இருக்கிறதா, பெயருக்குத் தடவியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். ஒருபக்க மூடி மட்டுமே உள்ள பேரிங் என்றால் கிரீஸ் திணித்துவிடலாம். கரகரப்பு கேட்டால் யோசிக்காமல் பேரிங்கை மாற்றுங்கள். அளவு எண் அதன் மேலேயே பொறித்திருக்கும், எந்த ஊரிலும் கிடைக்கும் சாதாரண அளவுதான்.

ஸ்டீயரிங் பேரிங்கும் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் கை) தண்டும் இதே கதைதான், இன்னும் மோசமாகவே. முன்சக்கரம் ஏற்கெனவே கழன்று நிற்கும் இந்த நேரத்தில் ஸ்டீயரிங் தலையைப் பிரித்துக் கிரீஸ் வைத்துவிட்டால் வருடக்கணக்கில் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. ஸ்விங் ஆர்ம் தண்டை உருவிப் பார்த்தால் பல நேரம் சுத்தமாகக் காய்ந்திருக்கும். ஒரு மழைக்காலம் போனால் அது துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு சுத்தியலால்கூட எடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் ஒரு முழு மதியம் போகும். போகட்டும்.

அடுத்து நட், போல்ட். வண்டியில் இருக்கும் எல்லாவற்றையும் ஸ்பேனரால் தொட வேண்டும். ‘எல்லாவற்றையும்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து பின்னாக, இடமிருந்து வலமாக, ஒன்றை முடித்ததும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. போல்ட்டின் தலையில் 4.8 அல்லது 8.8 என்று எண் இருக்கும். 8.8 என்பது 4.8-ஐப்போல் இரண்டு மடங்கு வலிமை உடைய எஃகு. எண்ணே இல்லாத போல்ட் பிரேக் காலிப்பரிலோ (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி), ஃபுட்ரெஸ்டிலோ, எஞ்சினைச் சட்டத்தில் பிடிக்கும் இடத்திலோ இருந்தால் அதை நல்ல 8.8 போல்ட்டாக மாற்றிவிடுங்கள். வண்டியில் செய்யும் மாற்றங்களிலேயே மலிவானதும் பலன் அதிகம் தருவதும் இதுதான். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்) இருந்தால் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 22 முதல் 25 என்பது எஃகில் எஃகு திருகும் இடத்துக்குப் பொதுவான அளவு. எஞ்சின் மூடி போன்ற அலுமினியத்தில் திருகும் இடங்களில் கையை அடக்குங்கள். அங்கே பலம் காட்டினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். அதைச் சரிசெய்வது தனிக் கதை.

அதிர்வில் கழலும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போல்ட்டுகள், சைலன்சரின் முன்முனை நட்டுகள், நம்பர் பிளேட் தாங்கி, கண்ணாடித் தண்டு, சைட் ஸ்டாண்ட் போல்ட், கிக்கர் போல்ட். சைலன்சர் தவிர மற்றவற்றுக்கு நீல நிற லாக்டைட் (மரையில் விடும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பைத் தொடாதீர்கள், பிறகு சூடேற்றாமல் கழற்ற முடியாது. என் இரண்டாவது வண்டியில் பின் ஸ்பிராக்கெட்டைப் பார்க்க மறந்தேன். 140 கிலோமீட்டரில் பின்னால் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் ஆறு போல்ட்டில் இரண்டு காணவில்லை; மூன்றாவது விழும் தறுவாயில் இருந்தது. அன்றிலிருந்துதான் இந்தப் பெயிண்ட் பேனா.

செயினில் கிளிப் வைத்த இணைப்பு இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். ஆலையில் தலைகீழாக மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள மண்பாதை வண்டிக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும். ஆளை உட்கார வைத்து ஒருமுறை சோதியுங்கள். உட்கார்ந்த பிறகு செயின் விறைத்துக்கொண்டால் தளர்வு போதாது. கூடவே வந்த செயின் மென்மையானது. முதல் 500 கிலோமீட்டரில் மூன்று முறை இறுக்க வேண்டி வந்தால் அதை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம், நல்ல நிறுவனத்தின் செயினை வாங்கி மாட்டிவிடுங்கள்.

ஸ்போக் சக்கரம் என்றால் ஒவ்வொரு ஸ்போக்கையும் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது செத்த ஒலி தரும். தளர்ந்ததைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாதீர்கள், ரிம் இழுத்துக்கொள்ளும். டயர் காற்றைப் பொறுத்தவரை, கப்பல் பயணத்துக்காக அடித்து வைத்த அளவு உங்கள் ஓட்டத்துக்கானது அல்ல, அளந்து சரிசெய்யுங்கள்.

பேட்டரிக்கு நிறைய இடம் ஒதுக்குகிறேன், காரணம் இருக்கிறது. பல வண்டிகளில் பேட்டரி உலர்ந்த நிலையிலும் அமிலம் தனிப் புட்டியிலும் வரும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒவ்வொரு அறையிலும் மேல்கோட்டுக்குக் கீழே வரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் வையுங்கள். தட்டுகள் அமிலத்தை உறிஞ்சி மட்டம் இறங்கும். மறுபடி அமிலமே ஊற்றி மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் காய்ச்சி வடித்த நீர்தான், அமிலம் கிடையாது. அப்புறம் பேட்டரியின் ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்யுங்கள்; 7 ஆம்பியர்-மணி என்றால் 0.7 ஆம்பியர். சார்ஜ் செய்யாமல் நேராக வண்டியில் வைத்தால் அந்தப் பேட்டரி கடைசிவரை அரைப் பலத்திலேயே இருக்கும்.

இதைவிட முக்கியமானது வாயு வெளியேறும் முனை. சிவப்பு ரப்பர் மூடி ஒன்று அதில் செருகியிருக்கும். அமிலம் ஊற்றும் முன் அதை எடுத்தெறிந்துவிட்டு, அதோடு வரும் மெல்லிய குழாயை மாட்டி, செயினுக்கும் சைலன்சருக்கும் விலகிக் கீழே தொங்கும்படி விடுங்கள். என் முதல் வண்டியில் மூடியை எடுத்தேன், குழாயை மாட்டினேன், ஆனால் சீட்டை வைக்கும்போது குழாய் அதன் அடியில் நசுங்கியதைக் கவனிக்கவில்லை. வாயு போக வழியில்லாமல் அமிலம் மூடிகளின் ஓரமாகக் கசிந்து, இரண்டே வாரத்தில் சட்டத்தின் பெயிண்ட் உரிந்தது; செயின் செம்மண் நிறமானது. கடைக்காரரைத் திட்ட ஆசைதான். தப்பு என்னுடையது.

மூடிய வகைப் பேட்டரி என்றால் இந்தப் பாடு இல்லை; சார்ஜ் செய்து மாட்டுங்கள். மாட்டும்போது நேர் முனை முதலில், எதிர் முனை கடைசியில். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் நடுத்தர வேகச் சுற்றில் பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் நலம். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டது. பல்பும் பேட்டரியும் ஒவ்வொன்றாகச் சாகும். வயர் இணைப்புகளை ஒருமுறை பிரித்து, உள்ளே முனைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, மின்காப்புக் கிரீஸ் தடவி மூடுங்கள். சட்டத்தோடு சேரும் எர்த் வயரின் அடியில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். “திடீரென்று எல்லா விளக்கும் போய்விட்டது” என்ற புகார்களில் பாதி இந்த ஒரு எர்த் வயரில் முடியும்.

பிரேக் டிஸ்க்கில் துருத்தடுப்பு எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைக்காமல் ஓட்டினால் அந்த எண்ணெய் பிரேக் பேடுக்குள் (பிரேக் கட்டைக்குள்) ஏறிவிடும். பிறகு அந்தப் பேடு உருப்படாது. லீவர் பஞ்சுபோல் உள்ளே போனால் குழாயில் காற்று இருக்கிறது. டாட் 4 பிரேக் திரவம் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். புதுப் பேடுக்கு மிதமான வேகத்திலிருந்து பத்துத் தடவை நிதானமாக அழுத்தி வேகம் குறைத்துப் பழக்கம் கொடுத்த பிறகுதான் முழுப் பிடிப்பும் வரும். அதுவரை முன்னால் போகும் வண்டியை நெருங்க வேண்டாம்.

ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள். தானாகப் படாரென்று திரும்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் இதைச் செய்யுங்கள். திருப்பும்போது எஞ்சின் வேகம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. இதைச் சரிசெய்யாமல் சாலைக்குப் போவது தற்கொலை முயற்சி, மிகையாகச் சொல்லவில்லை.

ஆலையில் ஊற்றி அனுப்பும் எண்ணெயை வடித்துவிட்டுப் புது எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். பாக்கெட் மேல் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. எரிபொருள் சேமிப்புக்கென்று வழுக்குப் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவும். வடிகால் மூடியைக் கழற்றும்போது சில எஞ்சின்களில் உள்ளிருந்து ஒரு சுருள்வில்லும் கம்பிவலையும் குதித்து வெளியே வரும். பயப்பட வேண்டாம், வந்த வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். வலையில் சிலிக்கான் பசைத் துணுக்குகள் சிக்கியிருப்பது வழக்கம், கழுவி மாட்டிவிடுங்கள்.

வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் பாருங்கள். ஹோண்டா சிஜி125-க்கு இரண்டு வால்வுக்கும் 0.08 மில்லிமீட்டர், அதன் வழிவந்தவற்றுக்கும் இதையொட்டிய அளவுதான். ஃப்ளைவீலில் ‘டி’ குறி நேராக வந்து, இரண்டு ராக்கர்களும் (வால்வை அழுத்தும் கைகள்) தளர்வாக ஆடினால் அதுதான் சரியான நிலை. ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. சத்தமே இல்லாத வால்வைப் பார்த்து மகிழாதீர்கள். லேசாக டிக்டிக் என்பது நலம். இடைவெளியே இல்லாத வால்வு முழுதாக மூடாமல் கருகும்.

கார்புரேட்டர்தான் பலரை அழவைக்கும் பகுதி. புகை விதிகளுக்காக ஆலையில் பெட்ரோலைக் குறைத்து, காற்றைக் கூட்டி வைத்து அனுப்புகிறார்கள். அதன் அடையாளங்கள்: சூடான பிறகும் சோக்கை எடுத்தால் அணைவது, சட்டென்று முறுக்கினால் மூச்சுத் திணறுவது, ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிப்பது. முதலில் கலவைத் திருகைத் தேடுங்கள். அது காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது; வெளியே திருகினால் பெட்ரோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் திருகுகிறவர்கள் நாள் முழுவதும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின் கால் கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் வேகம் அதிகபட்சமாக ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் திருகால் நிமிடத்துக்கு 1400 அல்லது 1500 சுற்றுக்குக் கொண்டு வாருங்கள். திருகினால் தீரவில்லை என்றால் பைலட் ஜெட்டை (குறைந்த முறுக்கில் பெட்ரோல் விடும் சிறுதுளை) ஒரு அளவு பெரிதாக்குங்கள், அதிக முறுக்குக்கான மெயின் ஜெட்டையும் பிறகு அப்படியே. ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, கரியாக இருந்தால் அதிகம், காய்ந்த பழுப்பு நிறம் சரியான அளவு. ஆலை பிளக்கை எறிந்துவிட்டு அதே அளவில் நல்ல பிளக் போடுங்கள். பெட்ரோல் குழாயையும் மாற்றுங்கள். கூடவே வருவது சீக்கிரமே விறைத்து விரிசல் விடும். கார்புரேட்டர் இல்லாத ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். பேட்டரி முழுதாக இருக்கிறதா, பம்பின் இணைப்பு இறுகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, இருபது தடவை கிக்கரை மிதித்து ஆயிலை மேலே ஏற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, சூடானதும் அணைத்து, முழுதாகக் குளிரவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் ஓடவிட வேண்டாம். காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்று வேண்டும்.

ஓட்டப் பழக்கும் காலத்தில் மெதுவாகவே ஓட்ட வேண்டும் என்று நினைத்து, நான்காவது கியரில் திணறத் திணற உருட்டுகிறவர்கள் எஞ்சினுக்கு நல்லது செய்யவில்லை. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு இழைய மிதமான அழுத்தம் தேவை. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நெடுஞ்சாலை ஓட்டமும், முழு முறுக்கும், முனகும் உயர் கியரும் வேண்டாம். 50 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளிப்பொடி கலந்ததுபோல் மின்னும். அது இயல்பு, ஆனால் நகத்தில் நிற்கும் அளவு துணுக்கு இயல்பல்ல. பிறகு 300-இல் ஒருமுறை, 1000-இல் ஒருமுறை. அந்த ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயிண்ட் கோடுகள், ஸ்போக், செயின் ஆகியவற்றைப் பாருங்கள். 1000-இல் வால்வையும் மறுபடி அளந்துவிடுங்கள்.

இவ்வளவையும் விற்பவரே செய்து தருகிறேன் என்றால்? செய்யட்டும், வாரண்டிக்காகச் சில இடங்களில் அது கட்டாயமாகவும் இருக்கும். ஆனால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ஸ்பேனரோடு பின் ஸ்பிராக்கெட் போல்ட்டையும், முன் அச்சையும், காலிப்பர் போல்ட்டையும் நீங்களே ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மூன்றும் இறுக்கமாக இருந்தால் அந்தக் கடையில் நம்பி வேலை கொடுக்கலாம். ஒன்று சுற்றினாலும் மீதியை முதலிலிருந்து நீங்கள் பார்க்க வேண்டும்.